மூன்றாம் விநாடி

செந்தூல் அடுக்ககம், பதினான்காம் மாடி.
லிஃப்ட் மறுபடியும் படுத்துவிட்டது.

அது நின்றால் எல்லார் கைப்பேசிக்கும் சொல்ல
பதினோரு வரி எழுதினேன்.
சர்வர் வாங்க வேண்டாமாம்.
கூப்பிட்டால்தான் எழுமாம்,
விழித்திருந்த நேரத்துக்கு மட்டும் கூலியாம்.

முதல் அழைப்பு.
ஒன்று.
இரண்டு.
நடுநிசி மாமாக் கடையில்
மேசைமேல் தலைசாய்த்த பையன்
ஆர்டர் கேட்டு விழிப்பதுபோல்
மூன்றாம் விநாடியில் பதில்.
அடுத்தது இமைப்பதற்குள்.

நேற்று எத்தனை முறை நின்றது?
தெரியாது அதற்கு.
ஒவ்வொரு தடவையும் புதிதாய்ப் பிறக்கிறது,
எங்கள் நிர்வாக அலுவலகம் மாதிரியே.

இம்மாதக் கட்டணம் சுழியம் ரிங்கிட்.
கதவைத் திறந்தேன்.
கேஸ் சிலிண்டரை இறக்கி வைத்து
மூச்சு வாங்கினான் தேவேந்திரன்:
"மெசேஜ் வந்துச்சு லா.
ஒன்பதாவது மாடியில."