மூன்று புள்ளிகள்

பீடோர் ஆலை வாசலில் செம்பனை லோரிகள்.
தவமலர் தரம் பார்ப்பவள்:
லோரிக்கு ஐம்பது குலை குத்திப் புரட்டி
மொத்தத்துக்கும் எண்ணெய் எவ்வளவு என்று எழுதுவாள்.

அவள் ஈரலில் உள்ள கட்டிக்கு
என்னிடம் மூன்றே அளவுகள்.
ஜனவரியில் பதினொரு மில்லிமீட்டர்,
மே மாதம் பதினாறு,
அக்டோபரில் இருபத்து மூன்று.
நடுவில் ஒரு ஸ்கேன் விட்டுப்போனது.
காய் கொட்டுகிற மாதம், லீவு இல்லை.

ஏறிக்கொண்டே போகும் வளைவு
இந்தப் புள்ளிகளை உரசிப் போகிறது.
களைத்துத் தட்டையாகும் வளைவும்தான்.
இரண்டிலும் பிழை அரை மில்லிமீட்டர்கூட இல்லை.
அடுத்த தீபாவளியை மட்டும்
ஒன்று அவளுக்குத் தருகிறது,
ஒன்று தரவில்லை.

எத்தனை செல் பிறக்கிறது, எத்தனை சாகிறது,
ஸ்கேன் சொல்வதில்லை. கழித்த மிச்சம்தான் தெரியும்.
பத்தில் ஏழு போனாலும் மூன்று,
நாலில் ஒன்று போனாலும் மூன்று.
சாவு விகிதத்தை எலிகளிடம் கடன் வாங்கினேன்.
எலிகள் இரவு ஷிஃப்ட் போவதில்லை,
கோப்பிக் கடையில் கடன் வைப்பதில்லை.

கோட்டைச் சுற்றிச் சாம்பல் பட்டை தீட்டினேன்,
எனக்குத் தெரியாதது எவ்வளவு என்று காட்ட.
பட்டை தாளை விட்டு வெளியே போனது.
டாக்டர் ராஜவேலு கோடு மட்டும் போதும் என்றார்.

தவமலர் பட்டையைத்தான் பார்த்தாள், வெகுநேரம்.
"எத்தன குலை பாத்தீங்க?"
"மூணு."
சிரித்துவிட்டாள்.
"மூணுக்கு நான் கையெழுத்து வச்சா
வேலைய விட்டே தூக்கிருவாங்க."

நாலாவது ஸ்கேன் செவ்வாய்க்கிழமை, ஈப்போவில்.
வருவாயா என்றேன்.
வாசலில் ஹாரன் அடித்தது.
குத்துக்கம்பியை எடுத்துக்கொண்டாள்.
"அன்னிக்கு என் எடத்துல
யார நிறுத்துறது?"