அடியெடுத்துக் கொடுத்தவன்

தலைநகர் நாளிதழ் மூன்று சொற்களில் முடித்துக்கொண்டது:
நாடகாசிரியர், இசையமைப்பாளர், நாவலாசிரியர்.
வரிப்படிவத்தில் தொழிலுக்குக் கட்டம் ஒன்றுதான்.
அதில் ஸ்டெய்ன்வோர் நாற்பது வருடமும் எழுதியது
மீன் தரம் பிரித்தல்.

நான் கால்ட்விக் நாடக மன்றத்தில்
மேடைக்கு அடியில் இருந்தவன்.
பலகையில் ஒரு பொந்து, மங்கலாய் ஒரு விளக்கு, மடியில் பிரதி.
மறந்தவர்களுக்கு மறந்த சொல்லை
மூச்சளவில் மேலே அனுப்புவது என் வேலை.
முகங்கள் தெரியாது. காலணிகள் தெரியும்.
அரசனாக நடித்த தபால்காரரின் இடது குதிகால்
எந்த முடிசூட்டுக்கும் செப்பனிடப்படவில்லை.

முதல் நாடகத்தைப் பன்னிரண்டு பேருக்கு எழுதினாள்.
ஒத்திகைக்கு வந்தது ஒன்பது பேர்.
மூன்று பேரை முதல் காட்சிக்கு முன்பே
கடலில் மூழ்கடித்தாள்.
"செத்தவர்களுக்கு உடை தைக்க வேண்டாம், சிக்கனம்" என்றாள்.
ஒத்திகையில் சிரித்தோம்.
அரங்கேறிய இரவு, மூன்று பெயர்களும் சொல்லப்பட்டபோது
நாற்காலிகள்கூடக் கிறீச்சிடவில்லை.

பிறகு சங்கு.
துறைமுகத்துப் பனிச்சங்கின் சுருதி
தேவாலய ஆர்கனின் எந்தக் கட்டையிலும் சேராது,
இரண்டுக்கும் நடுவே சந்தில் நிற்கும்.
ஞாயிறுதோறும் வாசித்தவளுக்கு அது பல்வலி.
கடைசியில் அதற்கே ஒரு பாட்டு கட்டினாள்,
இருபத்திரண்டு குரல்களுக்கு,
நடுவில் நான்கு ஆவர்த்தனம் காலி:
சங்கு ஊதிக்கொள்ளும்.
அன்றைக்குப் பார்த்து வானம்
கழுவிக் கவிழ்த்த தட்டு.
இருபத்திரண்டு பேரும் வாயை மூடிக் காத்திருந்தார்கள்.
பின்வரிசையில் ஒரு குழந்தை தும்மியது.
அந்த இடத்தை நிரப்பிவிடலாமே என்றார் பாதிரியார்.
"பனியைக் கேட்டுச் சொல்லுங்கள்" என்றாள்.

நாவல், எடைச்சீட்டுகளின் பின்புறத்தில்.
ஒன்பது குளிர்காலம்.
பதிப்பகம் இரண்டு முறை திருப்பி அனுப்பியது,
இரண்டாம் முறை கட்டில் காட் மீனின் வாடை
அவர்கள் அலுவலகத்தையும் கொஞ்சம் சுற்றி வந்திருந்தது.
அச்சானதும் விலை கொடுத்து வாங்கினேன்.
ஊரே அதில் இருந்தது, தபால்காரரின் குதிகால் உட்பட.
என்னைத் தேடினேன்.
இருநூற்று எண்பத்தெட்டாம் பக்கம்:
'பலகைக்குக் கீழே யாரோ இருமினார்.'
அவ்வளவுதான்.
இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.
அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

கடைசி நாடகத்தில் ஒரு மௌனம், நாற்பத்தோரு நொடி.
என் பிரதியில் சிவப்புப் பென்சிலால் எழுதியிருந்தாள்:
இங்கே அவள் மறக்கவில்லை. நீ வாயைத் திறக்காதே.

ஹல்பேரா மேசையருகே நின்றாள்.
எண்ணினேன். முப்பதாவது நொடியில்
அவள் காலணி நுனி நடுங்கியது.
முப்பது வருடப் பழக்கம், ஐயா,
தொண்டைக்குத் தெரியுமா சிவப்புப் பென்சில்?
"விளக்கை அணைக்கட்டுமா" என்று அனுப்பிவிட்டேன்.
கடைசி வரிசைவரை கேட்டது.
ஹல்பேரா பொந்தைக் குனிந்து பார்த்தாள்.
"இன்னும் வேண்டாம்" என்றாள்.
பிரதியில் இல்லாத வரி.
பிறகு மிச்ச நொடிகளும் நின்றாள்.

மறுநாள் ஸ்டெய்ன்வோர் வந்தாள், பூட்ஸில் செதில்களோடு.
மன்னிப்பை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.
அவள் பிரதியை வாங்கி, பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினாள்:
கீழிருந்து ஒரு குரல்.
பதினோரு இரவு அதைப் பேசினேன்.
வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த வேடம் அது.
ஒரு இரவு மறந்தும் போனேன்.
எனக்கு எடுத்துக்கொடுக்க யாருமில்லை.

சங்கைக் கழற்றி வருடங்களாகிவிட்டன.
படகுகள் இப்போது செயற்கைக்கோளைக் கேட்டுத் திரும்புகின்றன.
அடக்கத்தன்று அந்தப் பாட்டைப் பாடினார்கள்.
பதினான்கு குரல்கள்தான்.
பழைய ஒலிப்பதிவைப் போடலாமா என்றான் புதிய நடத்துநன்.
மகள் தலையசைத்து மறுத்தாள்.
நான்கு ஆவர்த்தனம் வந்தது. வாய்களை மூடினார்கள்.

முகங்களைப் பார்க்கும்படி உட்காரவைத்திருந்தார்கள் என்னை.
நான் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஈரத்தில் வந்த பூட்ஸுகள், ஒரு சிவப்புக் குதிகால்,
கயிறு அவிழ்ந்த ஒன்று
பலகைமேல் மெல்ல இடம் மாறிற்று.