நாற்பத்தெட்டு வோல்ட்

புறக்கோட்டையில் பேரம் பேசி
ஒன்பதாயிரத்துக்கு வாங்கிய மைக்.
தேத்தண்ணி வடி மாதிரி முகம்.
மூவாயிரம் கஜமுகன் தந்தது.
"பிறகு பாப்பம்" என்றான்.

ஸ்டாண்டுக்குக் காசில்லை.
உடைந்த மேசைவிளக்கின் கழுத்தில்
டேப் சுற்றிக் கட்டினேன்.
பாப் ஃபில்டர், ஒரு காலுறை
(தோய்த்ததுதான்).
அலுமாரிக் கதவிரண்டையும் விரித்து
சேட்டுகளுக்குள் தலையை விட்டு
நாற்பத்தெட்டு வோல்ட் பொத்தானை அமத்த
சின்னச் சிவப்பு விளக்கு.

ஹெட்போனில்
வெள்ளவத்தை முழுக்க உள்ளே வந்தது.
கடற்கரைக் கோச்சி,
பாண் ஆட்டோவின் அந்த ஒரே மெட்டு,
மேல்வீட்டுக் குழாய்,
நான் விழுங்கிய எச்சில்.
மலிவு மைக்தான்,
காது மட்டும் மலிவில்லை.

தளபாடக் கடை விளம்பரம், முப்பது விநாடி.
"உங்கள் இல்லத்துக்கு..."
மூன்றாம் தரம் கோச்சி. நாலாம் தரம் நாய்.
ஃபேனை நிறுத்தி, வியர்த்து வழிய
ஏழாம் தரம் சரிவந்தது.

திரும்பக் கேட்கிறேன்.
"இல்லத்துக்கு" என்றுவிட்டு
நான் மூச்செடுத்த இடைவெளியில்
சுவருக்கு அப்பாலிருந்து கஜமுகன்,
தாயோடு ஃபோனில், மெல்ல:
"ஓமம்மா, சாப்பிட்டன். மீன்கறி."

நேற்று இரவே எங்கள் காஸ் முடிந்துவிட்டது.

எது இரைச்சல், தெரிவு செய்க
என்றது மென்பொருள்.
கோச்சியைக் கொடுத்தேன்.
நாயைக் கொடுத்தேன்.
அந்த இடத்தில் மட்டும்
கேர்சர் கனநேரம் துடித்தபடி நின்றது.

சிவப்பு விளக்கை அணைத்துவிட்டுச்
சுவரில் தட்டினேன்.
"டேய், கொத்து வாங்கப் போறன்.
உனக்கு முட்டை போடச் சொல்லவா?"