பதினைந்தாவது பெயர்

கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப் நடக்கணும்னா
பதினைஞ்சு பேராவது வேணும் சாமி என்றார் ஹெச்.எம்.
பட்டியலில் பதினொன்று.
இல்லாட்டி ரெண்டுல ஒண்ணை விட்டுரு,
நாளை சாயங்காலத்துக்குள்ள சொல்லு.

எதை விட?
எங்கள் கோழிப் பண்ணையில்
குஞ்சு வந்த ஏழாம் நாள்
கண்ணில் ஒரு சொட்டு மருந்து விடுவது நான்.
செத்ததைக் கழித்து
தின்ற தீவனத்தை எடையால் வகுத்து
கம்பெனி அட்டையில் எழுதுவதும் நான்.
எந்தக் கையை வெட்டிக்கொள்ள?

சைக்கிளை எடுத்தேன்.
குண்டடம் ரோட்டில்
என்னைப் பின்னுக்குத் தள்ளிய அதே காற்று
காற்றாலைகளைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.
சிந்துஜா கேட்டதும் சரியென்றாள்.
மோகனாம்பாள், பயோ புத்தகம் எவ்வளவு தடிமன்
என்று விசாரித்துவிட்டு.
ரஹிமா, அண்ணன் பைக்கைக் கழுவி முடித்து
அவனிடம் கேட்கும்வரை என்னை நிற்க வைத்து.

பதினான்கு.

கவிநிலாவின் அம்மா
வாசல் கூட்டுவதை நிறுத்தாமலே சொன்னார்:
"நாளையில இருந்து மில்லுக்குப் போறா கண்ணு."
பின்னால் நின்றாள் அவள்,
கணக்கில் என்னைவிட நான்கு மார்க் கூட வாங்கியவள்.
ஒன்றும் பேசவில்லை.
கழன்றிருந்த என் சைக்கிள் செயினை
உட்கார்ந்து மாட்டிக் கொடுத்தாள்.
விரலெல்லாம் கருப்பு மை.
அதைத் துடைக்காமலே உள்ளே போனாள்.

மில் பஸ் காலை ஆறரைக்கு
வேப்பமரத்து ஸ்டாப்பில் நிற்கும்.
பட்டியலை நான்காய் மடித்துப்
பாவாடை இடுப்பில் செருகியிருக்கிறேன்,
பேனாவும் இருக்கிறது.
ஆறே காலுக்கு நான் அங்கே இருப்பேன்.