வியாழக்கிழமை வயிற்று வலி

மேலூர் அரசு மருத்துவமனையில்
சீட்டுப் போடுகிறவள் நான்.
வியாழன்தோறும் பத்து மணிக்குப்
பதினான்காம் அறை திறக்கும்,
பல் பிடுங்கும் அறைக்கும் ஊசி அறைக்கும் நடுவே.
வளரிளம் பருவ ஆலோசனை என்று
நீலப் பெயின்டில் எழுதிய பலகையை
யாரும் நின்று வாசிப்பதில்லை.
ஓரக்கண்ணால் வாசிப்பார்கள்.

வருகிறவர்களுக்கெல்லாம் வயிற்று வலி.
கொட்டாம்பட்டிக்கு அந்தப் பக்கமிருந்து
இரண்டு பஸ் மாறி வந்த பெண்ணுக்கும்,
மதுரையில் ஏதோ லாட்ஜில்
எவனோ வைத்தியன் 'நரம்பெல்லாம் செத்துப்போச்சு' என்றதை நம்பி
செல்போனை விற்று லேகியம் தின்றவனுக்கும்.

முதல் வருஷம் நான் கேட்டிருக்கிறேன்,
கண்ணாடித் துளை வழியே, வரிசைக்கே கேட்கும்படி:
"வயிறுன்னா எந்த இடம்?"
ஒரு பிள்ளை சீட்டு வாங்காமலே திரும்பிப் போனது.
ரெட்டைச் சடையில் ஒன்றுக்குத்தான் ரிப்பன்.
அடுத்த வியாழனும் அந்தச் சடையைத் தேடினேன்.
அதற்கடுத்த வியாழனும்.

இப்போது கேட்பதில்லை.
வயிற்று வலி என்று எழுதி
பதினான்கைச் சுற்றி வட்டம் போடுவேன்.
உள்ளே ஜெபராணி மேடம்
அதை அடித்துவிட்டு என்ன எழுதுவார்
எனக்குத் தெரியாது.
தெரியக் கூடாது.

போன வாரம்
எனக்கு மத்தியான டூட்டி என்று நினைத்துக்கொண்டு
பக்கத்துக் கவுன்ட்டரில் வந்து நின்றான்
என் மகன்.
முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்தேன்.
அந்த வாரைத் தைக்கக் கொடுத்தது நான்தான்.
பஞ்சவர்ணம் பெயர் கேட்டாள்.
எதிர்வீட்டுப் பையன் பெயரைச் சொன்னான்.
வயதில் மட்டும் பொய் இல்லை, பதினாறு.
"என்னய்யா செய்யுது?"
"வயிறு."
நான் குனிந்து
மை தீர்ந்த பேனாவால்
வெறும் தாளில் எழுதிக்கொண்டே இருந்தேன்.
உள்ளே போனவன் நாற்பது நிமிஷம் வரவில்லை.
எனக்கு முன்னால் நின்ற கிழவருக்கு
சர்க்கரைக்குப் பதில் காய்ச்சல் என்று போட்டுவிட்டேன்.

அன்று ராத்திரி மூன்று தோசை போட்டேன்.
நாலாவது கேட்டான், ரொம்ப நாளைக்குப் பிறகு.
நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு
சட்னி போதுமா என்றேன்.

நேற்று சூப்பிரண்டிடம் கெஞ்சி
டூட்டியை மாற்றிக்கொண்டேன்.
துவைத்து மடித்த சட்டையின் பையில்
இருபது ரூபாய் வைத்தேன்.
விளக்கை அணைக்கும்போது
சுவரைப் பார்த்துச் சொன்னேன்:
"நாளைக்கு எனக்கு மத்தியானந்தான்."
இருட்டில்
"ம்" என்றான்.