ஆறு வாரக் குளிர்

வேலை போன காரணம் என்ற கட்டத்துக்கு
ஐந்து பதில்தான் வைத்திருந்தது கணினி:
உடல்நலம், ஓய்வு, ஒழுங்கு நடவடிக்கை,
சொந்த விருப்பம், மற்றவை.
கப்பலில் வந்த கல் என்றேன்.
நிமிர்ந்து பார்த்துவிட்டு
மற்றவையில் அமுக்கினாள் அந்தப் பெண்.
அவளைச் சொல்லிக் குற்றமில்லை.
என்னோடு சேர்த்து நாற்பத்தோரு மற்றவை
அன்று அந்த வராந்தாவில்.

இருபத்திரண்டு வருசம் சூளை பார்த்தவன்.
ஆயிரத்து எழுநூறு டிகிரி என்று மீட்டர் காட்டும்.
மீட்டர் பழுதான நாளில்
நீலக் கண்ணாடி வழியே நிறம் பார்த்து நான் சொல்வேன்.
வெள்ளைக்கல் வெந்து பழுப்பாகி
இரும்பாலை உலைக்கு உள்சட்டையாகப் போகும்.
அதே சட்டையை
டன்னுக்கு ஆறாயிரம் குறைத்து
துறைமுகத்தில் இறக்கினான் எவனோ.
கோபப்பட ஒரு முகம் வேண்டும்.
கிடைத்தது சாக்குதான்,
மேலாளர் அறையில், மாதிரிக்கு வந்தது,
எழுத்தெல்லாம் குட்டிக் குட்டி வீடாக.
ஒரு துண்டை எடுத்து உடைத்துப் பார்த்தேன்.
பொய் சொல்ல வரவில்லை.
நன்றாகத்தான் வேக வைத்திருந்தான்.

அரசு கொடுத்தது ஆறு வாரம்.
தினம் நூற்றைம்பது, மதியம் தக்காளி சாதம்,
இரண்டு அளவு பெரிதாய் ஒரு டீசர்ட்.
தையலில் இடமில்லை,
கம்ப்யூட்டருக்குப் பத்தாவது வேண்டும்,
மிச்சம் ஏசி மெக்கானிக்.

பாடம் எடுத்த ஷகிலா மேடம்
என் மூத்தவளைவிட ஒரு வயது சின்னவள்.
முதல் நாளே சொன்னாள்:
"குளிருன்னு ஒண்ணு கிடையாது.
ஒரு இடத்துச் சூட்டை எடுத்து
இன்னொரு இடத்துல கொட்டுறோம், அவ்வளவுதான்."
பின்பெஞ்சிலிருந்து அங்கமுத்து,
"நம்மளக் கொட்டுன மாதிரியா மேடம்?"
எல்லோரும் சிரித்தோம், அவளும்.
அவள் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது என்பது
அப்போது எங்களுக்குத் தெரியாது.

கம்ப்ரசரைக் கவிழ்த்தபோது
அடித்தகட்டில் அதே குட்டி வீடுகள்.
யாரும் எதுவும் பேசவில்லை.
செம்புக்குழாய் வளைப்பதை அன்றுதான் பழகினோம்.

உதவித்தொகை இரண்டு வாரத்துக்கு வந்தது.
மீதி நான்கும் பரிசீலனையில் இருக்கிறது.
சான்றிதழில் மாதையன் மாதவன் ஆகிவிட்டான்.
அங்கமுத்து ஐந்து ரோட்டில்
துணிக்கடை வாசலில் காவல் நிற்கிறான்.
கதவு திறக்கிறபோதெல்லாம்
கொஞ்சம் குளிர் தன் முதுகில் படுதாம்.
படித்தது வீண்போகவில்லை என்கிறான்.

எனக்கு முதல் அழைப்பு ஏற்காட்டிலிருந்து.
சாலம்மா நம்பவேயில்லை:
"அங்க எதுக்குய்யா ஏசி, கம்பளி வித்தாலும் பரவால்ல."
ஸ்பேனர் பையை மடியில் வைத்துக்கொண்டு
இருபது கொண்டை ஊசி ஏறினேன்.
ஏப்ரலில் இப்போதெல்லாம் வருகிறவர்கள் கேட்கிறார்களாம்.
பள்ளத்தாக்கைப் பார்த்த சுவரில்
வெளிப்பெட்டியை மாட்டச் சொன்னார் விடுதிக்காரர்.
துளை போட்டு, தூசி ஊதி, திரும்பினேன்.

அடிவாரத்தில் எங்கள் சுரங்கம்,
யாரோ பல் விளக்கித் துப்பிய மாதிரி
வெள்ளை வெள்ளையாக.
இத்தனை சின்னதா.
புகைபோக்கியைத் தேடினேன்.
புகை இல்லாமல் அது எதுவென்று பிடிபட
வெகுநேரம் ஆனது.

உள்ளே பையன் சுவிட்சைப் போட்டான்.
யாரோ படுக்கப் போகும் அறையின் சூடு
வெளியே என் முகத்தில் வந்து அடித்தது.
முப்பத்தெட்டு. மிஞ்சினால் நாற்பது.
இதற்கு மீட்டர் வேண்டாம்.

கூலி எண்ணூறு, ஒரு டீ.
"பன்னிரண்டு ரூம் இருக்கு,
இது எப்படி ஓடுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

இறங்கும்போது வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.
எங்கேயோ தப்பிவிட்டது.
எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி பஸ் நின்றபோது
இது பன்னிரண்டா என்று கேட்டேன்.
பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து
போர்டு மறைக்குதுங்க என்றார்.