மைனஸ் இருபது

மூணாம் நம்பர் பிஸ்டனின் விளிம்பு
எலி கொறித்த அப்பளமாக இருந்தது.
அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து
உமையாள் கேட்டாள்:
"ராத்திரி நல்லாத்தானே ஓடுச்சு?"

ஓடியது.
செக்காலை ரோட்டுக் கடைகள் ஷட்டர் இறக்கியபின்
ரஸ்தாவுக்கும் அமராவதிபுதூருக்கும் நடுவே
மூன்று ராத்திரி.
அவள் ஓட்ட, என் மடியில் லேப்டாப்.
இத்தனை சுற்றுக்கு, இத்தனை அழுத்தத்துக்கு
இவ்வளவு பெட்ரோல், இந்த டிகிரியில் பொறி.
கட்டம் கட்டமாக இருநூற்று ஐம்பத்தாறு எண்கள்.
டர்போ வருமென்று கனவிலும் நினைக்காத
பதினெட்டு வருஷத்து ஹேட்ச்பேக்;
அதன் சொந்தக் கம்ப்யூட்டருக்கு
ஒரு பாருக்கு மேல் காற்றே கிடையாது.
அதைக் கழற்றிவிட்டு
எங்கோ குளிர்தேசத்தில் செய்த பெட்டியை மாட்டினோம்.

ராத்திரி சொன்ன பதிலையே
பகலுக்கும் எழுதிக்கொண்டவன் நான்.

அக்கினி நட்சத்திரத்தின் நாலாம் நாள்,
சாப்பாட்டு இடைவேளையில் வெளியே எடுத்தவள்
மூன்றாவது கியரில் ஒரு ஜல்லி லாரியை முந்தினாள்.
எவர்சில்வர் டப்பாவில்
புளியங்கொட்டை குலுக்கிய சத்தம்.
பத்து விநாடி இருக்கும்.
பிறகு நீலப் புகை.

மதுரையிலிருந்து புது பிஸ்டன் வந்து
எஞ்சின் கூடியபோதும் கத்திரி முடியவில்லை.
பெட்ரோலைக் கூட்டினேன். பூஸ்ட்டைக் குறைத்தேன்.
இருட்டினால் சமத்து,
வெயில் ஏறினால் மறுபடி தட்டல்.
லாக் ஃபைலை அவள் கேட்டு வாங்கிப் போனாள்,
கூட்டுறவு வங்கியில் பதினோரு வருஷமாக
அடுத்தவர் கணக்கில் ஒற்றை ரூபாய் தேடுகிறவள்.
ஒன்பதரைக்குப் போன்:

"காத்துச் சூட்டுக்குப் பொறியைத் தள்ளிப்போடுற அட்டவணை
ஐம்பதோட நிக்குதே. அதுக்கு மேல?"

"அதுக்கு மேல, ஐம்பதுக்கு உள்ளதையே எடுத்துக்கும்."

"உள்ளே போற காத்து எழுபத்தொண்ணு காட்டுது.
ஐம்பது நாளைக்கு மேல வட்டியே கிடையாதுன்னு
எந்த ஊர்ல கடன் குடுப்பாங்க?"

போனை வைத்தபின்னும்
காது சுட்டுக்கொண்டே இருந்தது.

பெட்டியில் பத்து வரிசைதான்.
மேலே ஒன்று ஏற்ற, கீழே ஒன்றை இழக்கவேண்டும்.
மைனஸ் இருபது. மைனஸ் பத்து. பூஜ்யம்.
யாரோ ஒருவர் கையுறையோடு பனியில் உட்கார்ந்து
மூச்சு புகையாக, நேர்மையாக எழுதிய எண்கள்.
இங்கே எந்த மார்கழியும் அவற்றைத் தொட்டதில்லை.
ஒரு நிமிஷம் தயங்கி
மூன்றையும் அழித்தேன்.
அறுபது, எழுபது, எண்பது.
ஒவ்வொன்றுக்கும் பொறி இரண்டு டிகிரி பின்னால்.

மறுநாள் பகல் இரண்டு.
கண்ணாடி ஏற்றி, ஏசி அணைத்து.
அனலில் செம்மண் நெளிந்தது,
கருவேல மரங்கள் தண்ணீருக்குள் நிற்பதுபோல் நின்றன.
மூவாயிரம். நாலாயிரம்.
சிலிண்டர் பிளாக்கில் ஒட்டிய மைக் வழியே
என் ஹெட்போனில் சீறல் மட்டும்.
நாலாயிரத்து அறுநூறில் ஒரே ஒரு தடவை
ஏதோ கேட்டமாதிரி இருந்தது.
டயரில் பட்ட கல்லாகக்கூட இருக்கலாம்.
குறித்துக்கொண்டேன்.

வண்டியை ஓரங்கட்டி
ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாள்.
துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்தாள்.
பிறகு, சிரிப்பு அடங்குமுன்பே:

"டிசம்பர்ல விடிகாலை கொடைக்கானல் ஏறினா?"

லேப்டாப்பில் சார்ஜ் நாலு சதவிகிதம்.
"பத்து மணிக்கு மேல ஏறுங்க" என்றேன்.